நாற்பத்தொன்றாம் பெட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்க் கடிதத்திலிருந்து பிறந்தது. கடிதத்தை எழுதியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து, கடைசியில் "அட, இவனா!" என்று உங்களை வாய் பிளக்க வைக்கிற வித்தையெல்லாம் இந்த விஷயத்தில் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

என் பெயர் ஸ்ரீரங்கன். திருநீர்மலையில் மலையடிவாரத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. மூன்று சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். மூன்றும் பெரும்பாலும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. ஆனால் நான் எழுதிய ஒரு வாசகம் மட்டும், வண்டலூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சாலையில், கிலோமீட்டருக்கு ஒன்றாக அறுபத்து நாலு இடத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. சாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள். பார்த்தால் படிப்பீர்கள். படிக்க வேண்டாம்.

மஞ்சள் பெட்டி. மார்பளவு தூண், தலைமேல் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு, நடுவில் சிவப்புப் பொத்தான், அதற்குக் கீழே பேசவும் கேட்கவும் பொடிப்பொடித் துளைகள். நடுவழியில் வண்டி நின்றுபோனால், அடிபட்டால், உடம்புக்கு முடியாமல் போனால் அழுத்த வேண்டும். சுங்கச்சாவடி மாடியில் இருக்கும் கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். நம்பர் வேண்டாம், சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம்.

"ஆளுக்கு ரெண்டு போன் வெச்சிருக்கிற காலத்துல இது எதுக்கு சார்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். கையில் போன் இல்லாமல் போன ஒரு ஆளைப் பற்றியது இந்தக் கதை.

2

முதல் வரியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

அ) "மாணிக்கவேல் வண்டியை ஓரங்கட்டியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது." [பார்த்த மாதிரி எழுதுகிறேன். நான் அப்போது வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.]

ஆ) "நஃபீசா அன்று காலையிலிருந்து பதினோரு தடவை 'ஓகே' சொல்லியிருந்தாள்." [நல்ல வரி. நல்ல வரி என்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது.]

இ) "மரணம் என்பது ஒரு" [சீ.]

ஈ) "அமீருதீனின் ஸ்டிக்கர் கடை தாம்பரம் மேற்கில் இருக்கிறது." [இதுதான் உண்மையான ஆரம்பம். பிடிக்கவில்லை, ஏனென்றால் இதற்கு அடுத்த வரியில் நான் வந்துவிடுவேன்.]

சரி. ஈ.

3

அமீருதீனும் நானும் ஆறாவதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கடையில் பைக் நம்பர் ஸ்டிக்கரிலிருந்து கல்யாண பேனர் வரைக்கும் அடித்துத் தருவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாலைக்காரர்களின் வேலை அவனுக்குக் கிடைத்தது. அறுபத்து நாலு பெட்டிக்கும் தமிழில் ஸ்டிக்கர். இங்கிலீஷில் இருந்ததை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். "மச்சான், உன் கை பட்டா நல்லாருக்கும்" என்றான். இப்படியெல்லாம் சொன்னால் நான் ஓடி வந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

நான் எழுதிக் கொடுத்தது இது:

பொத்தானை அழுத்தவும்
மணி நின்றதும் சத்தமாகப் பேசவும்
இங்கேயே காத்திருக்கவும்
உதவி வரும்

இங்கிலீஷில் "உதவி வரும்" கிடையாது. அது என் சொந்தச் சரக்கு. யாருமில்லாத ரோட்டில் நிற்கிறவனுக்கு ஒரு தைரியம் இருக்கட்டுமே என்று சேர்த்தேன். எனக்கு அந்த இரண்டு சொல்லின்மேல் பெரிய பிரியம் வந்துவிட்டது.

அளவு பார்த்த அமீருதீன் தலையைச் சொறிந்தான். எழுத்து தூரத்திலிருந்தே தெரிகிற சைஸில் இருக்க வேண்டுமாம். மூன்று வரிக்குத்தான் இடம். "ஒண்ணைத் தூக்கணும் மச்சான். எதைத் தூக்கலாம், நீயே சொல்லு."

நான் யோசிக்கக்கூட இல்லை. "ரெண்டாவதைத் தூக்கு. போனை எடுத்தவனுக்குப் பேசணும்னு நாமளா சொல்லித் தரணும்?"

"கரெக்ட் மச்சான்" என்றான். இரண்டு பேரும் டீ குடித்தோம். மேலே அனுப்பினோம், யாரோ கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். கதாசிரியனுக்கு வெட்டத் தெரிய வேண்டும் என்று ஊரெல்லாம் மேடையேறிப் பேசியவன் நான். ரொம்ப நன்றாக வெட்டினேன்.

4

[நான்காம் பகுதியில் என் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அனுதாபம் தேடுகிற மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

5

நஃபீசா அமீருதீனின் மூத்த பெண். பி.காம் முடித்துவிட்டு அந்தக் கண்ட்ரோல் ரூமில் காலை ஷிஃப்ட்டில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கெட்டிக்காரி. என்னை அங்கிள் என்பாள். என் கதைகளைப் படித்துவிட்டு, "நல்லாருக்கு அங்கிள், ஆனா எல்லாரும் உங்கள மாதிரியே பேசுறாங்க" என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன ஒரே வாசகி.

அவர்கள் வேலை செய்யும் விதம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இது புரியவில்லையென்றால் கதை புரியாது.

தினமும் காலையில் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்க எபி என்பவர் பைக்கில் போவார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டி. தகட்டைத் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். மேலே மணி அடிக்கும். நஃபீசா எடுப்பாள். ஆரம்பத்தில் எபி "ஹலோ, டெஸ்டிங்" என்று கத்திக்கொண்டிருந்தார். லாரி இரைச்சலில் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அப்புறம் அவர்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எபி அழுத்திவிட்டுச் சும்மா நிற்பார். நஃபீசா பெட்டி எண்ணைச் சொல்லி "ஓகே" என்பாள். அவள் குரல் அங்கே கேட்டால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எபி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். இவள் கம்ப்யூட்டரில் 'டி' என்று ஓர் எழுத்தைத் தட்டுவாள். டெஸ்ட். விபத்து, பிரேக்டவுன் என்று வருகிற நிஜ அழைப்பு மாதத்துக்கு நாலு வந்தால் அதிகம். டெஸ்ட் அழைப்பு முந்நூறு.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.52க்கு நாற்பத்தொன்றாம் பெட்டியிலிருந்து மணி அடித்தது.

நஃபீசா எடுத்தாள். லாரி சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது. யாரும் பேசவில்லை.

"எபி அண்ணா, நாப்பத்தொண்ணு ஓகே" என்றாள். வைத்துவிட்டாள். 'டி' தட்டினாள்.

எபியின் பைக் அன்று முப்பத்தாறாம் பெட்டியிடம் பஞ்சராகி, அவர் மேலே சொல்லாமலே அதோடு திரும்பிவிட்டிருந்தார்.

11.34க்கு ரோந்து வண்டி அந்தப் பக்கம் போனபோது, நாற்பத்தொன்றாம் பெட்டியின் தூணில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீன் கூடைகள் ஏற்றுகிற சின்ன லோடு வண்டி ஓரங்கட்டி, சாவி திருப்பி, ஹேண்ட்பிரேக் போட்டு ஒழுங்காக நின்றிருந்தது. சுங்கச்சாவடி இருக்கிற பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

அவர் பெயர் மாணிக்கவேல். கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பம். வயது நாற்பத்தேழு. பொழுது விடிகிறபோது மனைவி முத்தாலம்மாளைப் பெருங்களத்தூரில் மீன் கடையில் இறக்கிவிட்டு, மீதி மீனைச் சாலையோர ஹோட்டல்களுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

6

அவர் பெட்டிக்கு முன்னால் நின்ற அந்த நேரத்தை எழுதத்தான் எனக்கு வரவில்லை. வரைவுகள்:

"வலது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பொத்தானை" [எந்தக் கை என்று எனக்கு எப்படித் தெரியும்?]

"மூன்று வரிகளையும் ஒருமுறை படித்தார். முதல் வரி சொன்னபடி அழுத்தினார். ஒரு பெண் குரல் வந்தது. ஓகே என்றது. சரி, சொல்லியாகிவிட்டது, இனி" [நிறுத்து.]

"அவரால் பேச முடியவில்லை. பேசச் சொல்லி எழுதியிருந்தாலும் பேசியிருக்க" [இது எனக்கு வசதியான வாக்கியம். அடிக்கிறேன்.]

இங்கே வாசகர் என்னைக் கேட்கலாம்: பேச முடிந்த ஆள்தானா அவர்? தெரியாது. பேசியிருந்தால் ஆம்புலன்ஸ் போயிருக்குமா? போயிருக்கும். போயிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. தெரியாது என்கிற சொல்லை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதினாலும் நெஞ்சில் கிடக்கிற கல் நகர மாட்டேன் என்கிறது.

7

முத்தாலம்மாள் பத்தாம் நாள் காரியம் முடிந்த கையோடு சுங்கச்சாவடிக்கு வந்தார். இரண்டாம் தடவை வந்தார். மூன்றாம் தடவையும் வந்தார். நஷ்டஈடு கேட்கவில்லை. சண்டை போடவில்லை. ஒரே கேள்வி: "அவரு அந்தப் பொட்டில கூப்ட்டாரா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க சார்."

ஷிஃப்ட் இன்சார்ஜ் பதிவைப் பார்த்தார். எபி, தான் அன்று நாற்பத்தொன்றுக்குப் போகவே இல்லை என்று நஃபீசாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நஃபீசா இன்சார்ஜிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, "லாக்ல 'டி' போட்டது நீதானேம்மா? அப்ப அது டெஸ்ட்டுதான். அந்தாளு நிழலுக்கு உக்காந்திருப்பாரு. ஒரு லெட்டர் குடுத்து அனுப்பிடலாம். தமிழ்ல நல்லா எழுதுறவங்க யாரையாவது தெரியுமா?" என்றார்.

ஒரு ஜாண் அகலத் தூணுக்கு என்ன ஐயா நிழல்?

அவளுக்குத் தெரிந்தவன் நான். மாலை ஐந்து மணிக்கு வந்து, காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல அங்கிள். வேலை போயிடும்னு மட்டும் இல்ல. பேப்பர்ல என் பேர் வந்துச்சுன்னா அத்தா தாங்க மாட்டாரு."

நான் அவளைக் கேட்ட முதல் கேள்வி: "பெட்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஸ்டிக்கரா? இல்லியே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அந்த 'சும்மா'வுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. அழைப்பே வரவில்லை என்று கடிதம் போனால், அவளோடு சேர்த்து நானும் தப்பிப்பேன் என்று அந்த நிமிஷமே கணக்குப் போட்டுவிட்டேன். அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எழுதிவிட்டேன்:

"மதிப்பிற்குரிய அம்மா, தங்கள் கணவரின் மறைவு எங்களுக்கும் பேரிழப்பே. தாங்கள் கேட்டுக்கொண்டபடி அன்றைய பதிவுகள் அனைத்தையும் பார்வையிட்டோம். நாற்பத்தொன்றாம் பெட்டியிலிருந்து அன்று காலை வந்தது வழக்கமான சோதனை அழைப்பு மட்டுமே. தங்கள் கணவரிடமிருந்து எவ்வித அழைப்பும் வரவில்லை என்பதைக் கனத்த நெஞ்சோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

'வருத்தத்துடன்' என்று முதலில் போட்டு, அடித்து, 'கனத்த நெஞ்சோடு' ஆக்கினேன். கைதேர்ந்தவன் இல்லையா.

நஃபீசா இரண்டு தடவை படித்தாள். "ரொம்ப நல்லாருக்கு அங்கிள். அதான் பயமா இருக்கு" என்றாள்.

8

இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். முத்தாலம்மாள் அடுத்த தடவை வந்தபோது கடிதத்தை நஃபீசாவே கீழே எடுத்துப் போய்க் கொடுத்தாள். அங்கேதான் நாங்கள் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. முத்தாலம்மாள் காகிதத்தைத் திருப்பி அவளிடமே நீட்டினார்.

"எனக்கு எழுத்து தெரியாது கண்ணு. நீயே படி."

படித்தாள். மாணிக்கவேலிடம் ஓகே சொன்ன அதே குரலில், உங்கள் கணவர் கூப்பிடவே இல்லை என்று முழுதும் படித்தாள்.

முத்தாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் கன்னத்தைத் தொட்டு, "நீ நல்லா இருக்கணும்மா. நீதான் பதிலு சொன்ன" என்றார். அப்புறம் தனக்குத் தானே சொல்கிற மாதிரி, "அப்ப நான்தான்" என்றார்.

"என்னக்கா?"

"போனு என்கிட்ட கீதும்மா. வூட்டுக்கு ஒரே போனு. இப்பல்லாம் மீனு வாங்குறவங்க யாரு காசா குடுக்குறாங்கோ? அல்லாம் போன்லதான் போடுறாங்கோ. அன்னிக்கு அவரு, முத்தா, இன்னிக்கு ஒரு நாளு எனக்குக் குடுன்னாரு. யாவாரம் கெட்டுப்பூடும்னு சண்டை போட்டுப் புடுங்கிகினேன். நெஞ்சு வலிக்கு முன்னாடியே ஏதோ தோணிகீது மனுசனுக்கு. கூப்புடக் கையில ஒண்ணுமில்லாம உக்காந்தே பூட்டாரு."

நஃபீசா இதை அன்று மாலையே வந்து என்னிடம் சொன்னாள். "நாம எழுதினது அவர் கூப்பிடலைன்னுதான் அங்கிள். அவங்க அதை, போன் இல்லாததால கூப்பிட முடியலைன்னு எடுத்துக்கிட்டாங்க. அவரைக் கொன்னது தான்தான்னு நம்புறாங்க. நானே என் வாயால படிச்சுச் சொல்லி நம்ப வெச்சுட்டேன்."

இந்த இடத்தில் என்னைப் பற்றி எழுத ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை. கெட்ட சொற்கள் கிடைத்தன. பத்திரிகையில் போட மாட்டார்கள்.

9

ஸ்டிக்கர் விஷயத்தை அவளிடம் சொன்னேன். வீட்டில் போய் அத்தாவிடம் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை அமீருதீன் என்னைக் கடைக்கு வரச் சொன்னான்.

"மச்சான், நீ எழுதின புக்கையே ஒரு பய படிக்கல. உன் ஸ்டிக்கரைப் படிச்சுத்தானா ஒருத்தர் செத்துட்டாரு? உனக்கே ஓவரா தெரியல?" என்று ஆரம்பித்தான். சிரிக்கப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வரவில்லை. "நெஞ்சு வலி வந்தவன் நின்னு படிப்பானாடா? சிவப்பு பட்டன் தெரிஞ்சிருக்கும், அழுத்தியிருப்பான். அவ்ளோதான். நீ உன்னைப் பெரிய ஆளா நெனச்சுக்கிட்டுப் பேஜார் பண்ணாத. என் புள்ள பாவம்டா."

அவன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். எழுத்தாளனுக்குத் தன் எழுத்து ஒரு ஆளை அசைத்தது என்று நம்ப எவ்வளவு ஆசை இருக்குமென்றால், கொலைப்பழியைக்கூட ஓடிப்போய் வாங்கிக்கொள்வான். இதை எழுதும்போதே அந்த ஆசை எனக்குள் வாலை ஆட்டுகிறது.*

[* இந்த அடிக்குறிப்பில் என்னை நியாயப்படுத்தி எட்டு வரி இருந்தது.]

ஆகவே சோதித்துப் பார்க்கப் பெருங்களத்தூர் போனேன். ஆமாம், சோதித்துப் பார்க்கத்தான். வாடிக்கைக்காரன் மாதிரி போய் நின்றேன்.

மேம்பாலத்துக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பேர் மீன் விற்கிறார்கள். எல்லார் பலகையிலும் பணம் போடுகிற கட்டம்போட்ட அட்டை நிற்கிறது. முத்தாலம்மாள் பலகையில் மட்டும் இல்லை. அங்கே கூட்டமும் இல்லை.

"போன்லாம் இல்ல சார். காசு இருந்தா வாங்கு" என்றார் எடுத்த எடுப்பில்.

அரைக் கிலோ சங்கரா சொன்னேன். செதில் எடுக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் உதவிக்கு வருவதில்லையா என்று கேட்டேன். எவ்வளவு பெரிய அயோக்கியன் என்று பாருங்கள்.

"பூட்டாரு சார்" என்றார். கத்தி நிற்கவில்லை. "நல்ல மனுசன். எட்டாவது வரிக்கும் படிச்சவரு. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. வண்டில போவும்போது ரோட்டுல ஒரு போர்டு வுட மாட்டாரு, அல்லாத்தையும் சத்தமா படிச்சுகினே வருவாரு. இங்க வளைவு கீது, அங்க இஸ்கூலு கீது, இத்த நம்பி இந்தப் பக்கம் போலாம்னு. யோவ் வாய மூடிகினு ஓட்டுய்யான்னு திட்டுவேன். போர்டுல எழுதிகீறபடி செஞ்சா கெட்டது வராது முத்தான்னுவாரு."

நான் மீனை வாங்கிக்கொள்ளவில்லை. என்ன காரணம் சொல்லிவிட்டு வந்தேன் என்றும் நினைவில்லை.

10

இப்போது முடிவுகள். மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு: எதுவும் செய்யாமல் இருப்பது. கடிதம் அவர் வீட்டில் இருக்கும், அட்டையில்லாத பலகை அவர் முன்னால் இருக்கும், நான் அடுத்த தொகுப்புக்குத் தலைப்பு யோசிப்பேன். இதற்கு நான் ஒரு வரிகூட எழுத வேண்டாம். தானாகவே நடந்துகொண்டிருக்கிற முடிவு இது. உலகத்தில் பாதிக் கதைகள் இப்படித்தான் முடிகின்றன என்று நினைக்கிறேன்.

இரண்டாம் முடிவு: நான் மட்டும் போவது. "அவர் அழுத்தினார்மா, மெஷின் கோளாறு, மணி அடிக்கல" என்று சொல்லிவிடுவது. முத்தாலம்மாளின் பாரம் இறங்கும், நஃபீசாவுக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. வசனம்கூட எழுதிவிட்டேன். நஃபீசாவிடம் காட்டினேன்.

"மணி அடிச்சது அங்கிள். நான் எடுத்தேன்" என்றாள். "இன்னொரு பொய்யையும் நீங்க நல்லா எழுதிடுவீங்க. எனக்கு அது வேணாம்."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். மூச்சு சத்தம் கேட்டுச்சு அங்கிள். எபி அண்ணா மூச்சு அப்படி இருக்காதுன்னு எனக்கு அப்பவே ஒரு செகண்ட் தோணுச்சு. ஒரே ஒரு செகண்ட்தான். அடுத்து ஆபீஸ் போன் அடிச்சதும் மறந்துட்டேன். இதை நான் யாருகிட்டயும் சொல்லல. அந்த அக்காகிட்ட சொல்லாம இனிமே என்னால தூங்க முடியாது."

இந்தப் பெண்ணை நான் கதாபாத்திரமாக வைத்து, பயந்தவளாகவும் என்னை நம்பியவளாகவும் முன்னால் எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. அப்படி நினைத்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாம் முடிவு: இரண்டு பேரும் போவது. அமீருதீன் போக வேண்டாம் என்று கத்தினான். கடைசியில் கடை ஷட்டரை இறக்கிவிட்டு எங்களைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தினான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

11

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. வியாபாரம் ஓய்கிற நேரம். முத்தாலம்மாள் நஃபீசாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வா கண்ணு, இந்தப் பக்கம் எங்க?" என்று கையைத் தண்ணீரில் அலசி, உட்காரச் சொல்லி ஒரு மீன் பெட்டியைத் தட்டினார். என்னையும் அடையாளம் தெரிந்தது. "மீனை வுட்டுட்டுப் போன சாரு."

நான்தான் ஆரம்பித்தேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான், அந்தப் பெட்டியில் இருக்கும் வாசகத்தை எழுதியதும் நான், அதில் நான்கு வரி இருந்தது, நான் ஒன்றை...

"அத்த வுடு சார்" என்றார் முத்தாலம்மாள். என்னைப் பார்க்கவே இல்லை. அவர் கண் நஃபீசாவின் முகத்தில் இருந்தது. "லெட்டர் பொய்யா? அத்த சொல்லு."

"பொய்க்கா" என்றாள் நஃபீசா.

"கூப்ட்டாரா?"

"கூப்பிட்டாருக்கா. பத்து அம்பத்திரண்டுக்கு. பெட்டியில பட்டனை அழுத்தினாரு."

முத்தாலம்மாள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கூப்ட்டாரா! என் சாமி, கூப்ட்டாரா!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். பக்கத்துக் கடைப் பெண்கள் ஓடி வந்தார்கள். "ஏய், அவரு கூப்ட்டாராம்டி! போனு இல்லாங்காட்டியும் கூப்ட்டுகீறாருடி!" என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி அழுதார். நான் என் வாழ்நாளில் பார்த்த அழுகைகளில் சந்தோஷமும் கலந்திருந்தது அது ஒன்றுதான். இந்த இடத்தோடு கதையை நிறுத்தியிருக்கலாம். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இங்கேதான் நிறுத்தச் சொல்வார்.

ஆனால் அவர் அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, மறுபடி நஃபீசாவிடம் வந்தார். அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டார்.

"அந்தாண்ட யாரும் எடுக்கலியா?"

"எடுத்தோம்க்கா. நான்தான் எடுத்தேன்."

முத்தாலம்மாள் கையை விடவில்லை. நெற்றி சுருங்கியது. அதில் கோபம் இன்னும் வரவில்லை. புரிந்துகொள்ளப் பார்த்தார்.

"எடுத்தியா? எடுத்து இன்னா சொன்ன அவருகிட்ட?"

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். நஃபீசா சொன்னதும் தெரியும், அந்த அம்மா செய்ததும் தெரியும். அவளுக்காக ஒரு கடிதம் எழுதினேன், அவள் வாயில் ஒரு பொய்யை வைத்துப் படிக்க வைத்தேன், இரண்டாவதாக ஒரு பொய்யும் தயார் செய்தேன். இந்தப் பதில் அவளுடையது. இதிலும் நான் கை வைக்க மாட்டேன்.

சொல்ல வேண்டியது என்ன என்று உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லைக் கேட்டு, உதவி கிளம்பிவிட்டது என்று நம்பி, வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு அவர் நாற்பத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தார் அல்லது அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நம்பிக்கையோடு போனார் என்று அதை ஆறுதலாகச் சொல்லலாமா, அல்லது அதைவிடக் கொடுமை வேறு இல்லையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டதென்றால் நீங்கள் என்னைவிட நல்ல எழுத்தாளர்.

மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் போதாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஈரம் காயாத இரண்டு கைகள் உங்கள் கையைப் பிடித்திருக்கின்றன. அவர் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.

சொல்லுங்கள்.